படியேற மறுத்த டிரான்ஸ்மிட்டர்

ஒரு பல் டாக்டரின் கார் தினமும் சாயங்காலம் ஒரே வீட்டு வாசலில் நின்றால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அந்த வீட்டில் யாருக்கோ பல் சரியில்லை. அல்லது யாருக்கோ நடத்தை சரியில்லை. எங்கள் பக்கத்து வீட்டு ஓட்டோ க்ளாசன் ஏப்ரல் மாதமே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டைக் காலி செய்ய வந்து தங்கியிருந்த அவர் மகள் மார்லிஸுக்குச் சின்ன வயதிலிருந்தே முத்து மாதிரிப் பற்கள். அதோடு அவள் விவாகரத்து ஆனவள். எதிர்வீட்டு பெர்னடீன் இரண்டாவது காரணத்தையே பிடித்துக்கொண்டுவிட்டாள். நான் ஆதாரம் இல்லாமல் எதையும் பேசுகிற ஆள் இல்லை. அதனால் ஆப்பிள் பை என்னும் பழ அப்பம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு, ஆதாரம் சேகரிக்கப் போனேன்.

கதவைத் திறந்தவர் டாக்டர் ஆரின் சோர்லியேதான். என் கணவர் ஆல்ட்டனின் மேல்வரிசைப் பற்கள் முழுக்க அவர் கைவேலை. தலையில் ஒட்டடை, முழங்காலில் கரி, கையில் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தக் குட்டிக் கண்ணாடி. காதல் விவகாரத்துக்கு இவ்வளவு கரி ஆகாது என்று அப்போதே எனக்குப் பட்டது.

"மிஸஸ் ட்வெட்! நானே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன்."

"நான் முந்திக்கிட்டேன். பை சூடா இருக்கு. எங்க வைக்கட்டும்?"

சமையலறையில் மார்லிஸ் காபி ஊற்றினாள். டாக்டர் பையில் பாதியைத் தின்று முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"கீழ நிலவறையில ஓட்டோ கட்டின டிரான்ஸ்மிட்டர் இருக்கில்ல, அதை நான் வாங்கிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம். தூக்கிட்டுப் போங்க."

"அதுலதான் சிக்கல். அது படியேற மாட்டேங்குது."

சங்கதி இதுதான். ஓட்டோவும் சரி, டாக்டரும் சரி, வீட்டிலிருந்தே வானொலி அலையில் தூரத்து ஊர்க்காரர்களோடு பேசுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தவர்கள். உலகப் போர் முடிந்து வந்த காலத்தில், ராணுவம் கழித்துப் போட்ட சாமான்களை வாங்கி வாங்கி, ஓட்டோ அந்த நிலவறையிலேயே அதைக் கட்டினார். ஆள் உயரத்துக்கும் மேல், இரண்டு பீரோவைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய அகலம், ஒரு கறவை மாட்டின் எடை. பிறகு மனைவி கேட்டாள் என்று சமையலறையைப் பெரிதாக்கினார். அதில் நிலவறைப் படிக்கட்டு ஒடுங்கிப்போனது. கரி இறக்கும் பெரிய கதவையும் குளிர் வருகிறதென்று செங்கல் வைத்து அடைத்தார். இந்த ரேடியோக்காரர்களுக்கு மட்டுமே வாய்த்த புத்தி இது: உலகத்தின் மறுமுனைக்குப் பேச்சை அனுப்பத் தெரியும். பெட்டியை மேலே அனுப்பத் தெரியாது.

"பிரிச்சு எடுத்துட்டுப் போறதுக்கென்ன?" என்றேன்.

டாக்டரின் முகம், மயக்க ஊசி போடாமல் பல்லைப் பிடுங்கச் சொன்ன மாதிரி ஆனது.

"அடைச்ச கதவை இடிச்சா முழுசா வெளிய எடுத்துடலாம் மிஸஸ் ட்வெட். ஆனா அந்தச் சுவர் உங்க பக்கம் இருக்கு. சரிவு வெட்டணும், பலகை போடணும். உங்க தோட்டம் வழியாத்தான் போகணும்."

"என் பியோனிப் பூச்செடி வரிசை வழியா."

"ஆமா. பியோனி வழியா."

வெளியே எடுத்தே ஆகவேண்டிய கெடுவும் இருந்தது. வீட்டை வாங்கியவர்கள் நவம்பர் கடைசியில் வரும் நன்றிநாள் பண்டிகைக்கு முன் குடிவருகிறார்கள். நிலவறையில் அவர்களுக்குப் பில்லியர்ட்ஸ் மேஜை போட வேண்டுமாம். அதுவரை காலியாகாத எதையும் பழைய இரும்புக்காரன் வந்து செம்புக்காக உடைத்து அள்ளிக்கொள்வான். நவம்பர் பிறந்து நிலம் உறைந்துவிட்டால் சரிவும் வெட்ட முடியாது. அக்டோபர் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த யந்திரம் வருடக்கணக்காக என் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்த விருந்தாளி. டிவியில் கதாநாயகி விஷம் குடிக்கும் நேரம் பார்த்து, ஓட்டோவின் குரல் வந்து, "இங்க லேசான மேகம், வடமேற்குக் காற்று" என்று சொல்லும். எங்கள் லூத்தரன் தேவாலயத்தின் புது ஆர்கன் ஒரு நாள் ஜெபத்தின் நடுவே, ஓட்டோவின் குரலில், "உங்க குரல் நல்லா கேக்குது, நெப்ராஸ்கா" என்றது. போதகர் ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறிப்போனார். ஓட்டோ ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, தன் குரலைத் தடுக்க ஏதோ ஒரு சின்ன டப்பாவை டிவியின் முதுகில் மாட்டிவிட்டுப் போவார். எங்கள் டிவியின் முதுகு கடைசியில் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி ஆகிவிட்டது.

"முதல்ல நான் அதைப் பாக்கணும்," என்றேன். நாற்பது வருடப் பக்கத்து வீடு. நான் பார்க்காத ஒரே அறை அந்த நிலவறை. இந்த வாய்ப்பை விடுவேனா?

ஒருக்களித்துத்தான் கீழே இறங்க முடிந்தது. டாக்டர் விளக்கைப் போட்டார்.

பழைய பாய்லர் மாதிரி ஏதாவது நிற்கும் என்று நினைத்துப் போனேன். அங்கே நின்றது வேறு. சுருக்கம் சுருக்கமாகக் காயும் கறுப்பு வர்ணம் பூசிய முகப்பு, தூசிக்கடியிலும் பளபளப்பு. மேலே வரிசையாக வட்ட மீட்டர்கள். ஒவ்வொரு குமிழுக்கும் கீழே கையால் செதுக்கிய வெள்ளை எழுத்து. நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குள் இருட்டில், பால் புட்டி அளவில் கண்ணாடி வால்வுகள் வரிசையாக நின்றிருந்தன. டாக்டர் பின்பக்கக் கதவைத் திறந்து, தன் குட்டிக் கண்ணாடியை உள்ளே நீட்டினார்.

"இதைப் பாருங்க."

நூற்றுக்கணக்கான ஒயர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, மெழுகு தடவிய நூலால், விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சாகக் கட்டியிருந்தது. திரும்பும் இடத்தில் எல்லாம் சேர்ந்து திரும்பின. பிரியும் இடத்தில் ஒவ்வொன்றாகக் கிளைவிட்டன. ஒரு முடிச்சுகூடக் கோணலில்லை. யாரும் பார்க்கப்போகாத பின்பக்கம் அது. எங்கள் தேவாலயப் பெண்கள் சங்கத்தில் பரிசு வாங்கும் தையல்களின் பின்பக்கத்தை நான் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொடுமைகளை இங்கே எழுத வேண்டாம்.

"பிரிக்கணும்னா இதை அறுக்கணும்," என்றார் டாக்டர். "அறுத்துட்டா அப்புறம் இது டிரான்ஸ்மிட்டர் இல்ல. சாமான்."

அந்தப் பின்பக்கக் கதவை நானே மூடினேன். 

"இது பேசுமா டாக்டரே?"

"தெரியாது. ஓட்டோ கண்ணு மங்கினப்புறம் இதைத் தொடவே இல்லையாம். எங்க ஊருக்குக் கொண்டுபோய், மெதுவா சரிபண்ணி..."

"பேசுமான்னே தெரியாததுக்கு என் பியோனியைத் தோண்டணுமா? அது ஆல்ட்டனோட அம்மா நட்டது. இங்கேயே பேச வையுங்க. பேசிடுச்சுன்னா தோண்டிக்கோங்க. இல்லேன்னா இரும்புக்காரன்கிட்ட விடுங்க."

"இங்கயா? மூணு வாரத்துலயா?"

"பல்லுக்கு மட்டும் அவசரப்படுத்துறீங்களே."

அக்டோபர்தான் பியோனியைப் பெயர்த்து நட ஏற்ற மாதம். டாக்டருக்குத் தோட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

அன்றிலிருந்து டாக்டர் கடைசி நோயாளியின் வாயை மூடியதும் நேராக இங்கே வந்துவிடுவார். நானும் போவேன். ஒருநாள் சூப், ஒருநாள் லெஃப்ஸா என்னும் உருளைக்கிழங்கு ரொட்டி, ஒருநாள் மார்லிஸிடம் இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தர. அந்தப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே இரவல் வாங்கியிருந்தேன்.

முதலில் அடியிலிருந்து ஒரு முழு எலிக்குடும்பத்தின் வீட்டை அள்ளிப் போட்டார். எலிகள் ஒயரில் இரண்டு இடங்களில் வாய் வைத்திருந்தன. டாக்டர் அந்த இடங்களை மட்டும் திறந்து, புது ஒயர் சேர்த்து, அதே மெழுகு நூலால் அதே மாதிரி முடிச்சுப் போட்டு மூடினார். மறுநாள் எந்த முடிச்சு அவருடையது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிப்பதில் நான் மட்டமான ஆளும் இல்லை. மின்சாரத்தைத் தேக்கும் பழைய கண்டென்சர்களின் காகித உறையைச் சேதமில்லாமல் உருவி, உள்ளிருந்த மக்கிய சரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதியதை உள்ளே வைத்து, மறுபடி மெழுகு ஊற்றி அடைத்தார்.

"உள்ள புதுசு, வெளிய பழசு. யாரை ஏமாத்த இது?" என்றேன்.

"இதைத்தானே பிழைப்பா பண்றேன்," என்றார். "ஆல்ட்டன் வாயைக் கேளுங்க."

அவர் பயந்தது ஒரே ஒரு பொருளுக்கு. பேச்சையும் மின்சாரத்தையும் கலக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர். ஓட்டோ கடையில் வாங்காமல், குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, தன் கையாலேயே கம்பி சுற்றியது. அதற்கு மாற்று உலகத்திலேயே கிடையாது. நிலவறை ஈரம் உள்ளே இறங்கியிருந்தால், மின்சாரம் பாய்ந்ததும் உள்ளுக்குள்ளேயே தீய்ந்துவிடும். அதோடு கதை முடிந்தது. அதற்கடியில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, மேலே போர்வை போர்த்தி, நாள்கணக்கில் காயவைத்தார். கோழிக்குஞ்சுக்குக்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு பார்த்ததில்லை.

மாதக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், முதல் முயற்சி. ஆல்ட்டனும் வந்து படியில் உட்கார்ந்தார். டாக்டர் ஒரு குமிழைத் திருகி, மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். பாதி வழியில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அறை முழுக்க புகையும் காகிதத் துணுக்கும்.

"போச்சா?" என்றாள் மார்லிஸ். 

டாக்டர் எல்லாவற்றையும் அணைத்தார். முனையில் பித்தளைக் கொக்கி வைத்த ஒரு நீளக் கட்டையால் உள்ளே ஒவ்வொரு இடமாகத் தொட்டார். அணைத்த பிறகும் ஆளைக் கொல்லும் மின்சாரம் உள்ளே பதுங்கியிருக்குமாம். அதைத் தொட்டுத் தொட்டு மண்ணுக்கு இறக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க அவருடைய இன்னொரு கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

"அது எதுக்கு பைக்குள்ள?" என்று கிசுகிசுத்தார் ஆல்ட்டன்.

"ரெண்டு கையும் உள்ள போனா, மின்சாரம் நெஞ்சு வழியாப் போகும்," என்றார் டாக்டர் திரும்பாமலே. பிறகு கண்ணாடியை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நான் வச்ச கண்டென்சர்தான் வெடிச்சிருக்கு. போன வாரம் வாங்கினது. ஓட்டோவோடது எல்லாம் அப்படியே நிக்குது."

"சொத்தை அடைக்க வந்தவரே சொத்தை வச்சுட்டாரு," என்றார் ஆல்ட்டன். வருடத்துக்கு ஒரு தடவைதான் பேசுவார். பேசினால் இப்படித்தான்.

மறுபடியும் ஏற்றிப் பார்த்தது ஹாலோவீனுக்கு மறுநாள், நவம்பர் முதல் தேதி. வெளியே புல்லில் அன்று காலையில்தான் முதல் உறைபனி. வெய்யில் சாயத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அலை தூரம் போகும் என்றார் டாக்டர். ஓட்டோ கட்டிய ஆன்டெனா கம்பி, புகைபோக்கியிலிருந்து என் துணிக்கொடிக்கு மேலே ஓடி, பின்னால் உள்ள கம்பம் வரைக்கும் இன்னும் அப்படியே இருந்தது.

"முதல்ல அடித்தட்டு வால்வு ரெண்டும் சும்மா சூடாகட்டும்," என்றார். "உள்ள பாதரசம் இருக்கு. இத்தனை வருஷத்துல கண்ட இடத்துல ஒட்டியிருக்கும். அது ஆவியாகி, கீழ இறங்கி உக்காரணும். அதுக்கு முன்னாடி அவசரப்பட்டா உள்ளயே மின்னல் வெட்டிடும்."

காத்திருந்தோம். நான்கு பேரும் சுவர் மாதிரி நின்ற அதைப் பார்த்து உட்கார்ந்து பூசணிக் கேக் தின்றோம். வால்வுகளின் இழை மெல்லச் சிவந்து, பிறகு ஆரஞ்சானது. மார்லிஸ் தின்னவில்லை.

"இது ஓடும்போது நான் பார்த்ததே இல்ல," என்றாள். "அப்பா சின்னப் பிள்ளைங்களைக் கீழ விடமாட்டார். நான் மாடியில படுத்துக்கிட்டு, தரை வழியா சத்தத்தை மட்டும் கேப்பேன்."

டாக்டர் எழுந்தார். ஒரு கை பைக்குள். இன்னொரு கை பெரிய பொத்தானில்.

தடாலென்று உள்ளே ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. தரை வழியாக ஒரு முணுமுணுப்பு என் செருப்புக்குள் ஏறியது. அறை விளக்கு ஒரு நொடி மங்கி மீண்டது. கண்ணாடி ஜன்னலுக்குள், அடித்தட்டில், அந்த இரண்டு வால்வுகளும் நீலமாகின.

நீலம் என்றால் எனக்குத் தெரிந்த எந்த நீலமும் இல்லை. வானமோ, ஏரியோ, எங்கள் தேவாலயக் கண்ணாடியில் மரியாளின் முக்காடோ இல்லை. கண்ணாடிக்குள் எந்தப் பொருளும் எரியவில்லை. வெறும் ஆவி, தானே ஒளியாகி நின்றது. டாக்டர் மூக்கை உறிஞ்சி வாசம் பிடித்தார். தீய்ந்த நாற்றம் இல்லை. ஒரு மீட்டரைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருப்பினார். முள் இறங்கி, ஓர் இடத்தில் குழிக்குள் விழுந்த மாதிரி நின்றது. அவர் தோள்களும் அப்போதுதான் இறங்கின.

"டிரான்ஸ்ஃபார்மர்?" என்றேன்.

"பேசினாத்தான் தெரியும்."

மைக்கை எடுத்து, அரசாங்கம் தனக்குக் கொடுத்த அழைப்புக் குறியைச் சொன்னார். சொன்னதுதான் தாமதம், நீலம் துள்ளியது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொங்கியது. மூச்சு விட்ட இடத்தில் அடங்கியது. மேல்தட்டு வால்வுகளுக்குள்ளும் ஊதா நிழல் ஒன்று அதே தாளத்தில் அசைந்தது. அந்த இரும்பு அலமாரி முழுக்க அவருடைய பேச்சை மென்றுகொண்டிருந்தது. மார்லிஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

மேலே போன் அடித்தது. பெர்னடீனாகத்தான் இருக்கும், அவள் டிவியில் பல் டாக்டர் வந்திருப்பார். யாரும் எழுந்திருக்கவில்லை.

டாக்டர் பேசுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த ரிசீவர் பெட்டியை நோக்கிக் காதைச் சாய்த்தார். இரைச்சல். இரைச்சலுக்குள்ளிருந்து, மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து பேசுவது போல, ஒரு முதியவர் குரல்.

"சஸ்காட்செவன்ல இருந்து வாசில் பேசறேன். அடேயப்பா, என்ன ஆழமான குரல் இது! எந்தப் பெட்டியில பேசறீங்க? ஓவர்."

கனடா. அங்கே அப்போது பனி கொட்டிக்கொண்டிருந்ததாம். டாக்டர் பதில் சொல்லிவிட்டு, சட்டென்று மைக்கை என் பக்கம் நீட்டினார்.

"பேசுங்க. நான் பக்கத்துல இருந்தா சட்டம் அனுமதிக்கும்."

"நானா? என்ன பேச?"

ஆல்ட்டன் விழுந்து விழுந்து சிரித்தார். "நாப்பது வருஷ கல்யாணத்துல இந்தக் கேள்வியை இன்னிக்குத்தான் கேக்கறேன்."

மைக் கனமாக, சில்லென்று இருந்தது. "வணக்கம்," என்றேன். நீலம் பொங்கியது. என் வணக்கம்தான் அது. நான் நிறுத்தியதும் அதுவும் நின்று, என் வாயைப் பார்த்துக் காத்திருந்தது.  அறுபத்து சொச்சம் வருடம் பேசியிருக்கிறேன். அதெல்லாம் காற்றோடு போயிற்று என்றுதான் எண்ணியிருந்தேன். பேச்சுக்கு ஒரு வடிவம் உண்டு, அது வெளிச்சத்தை அசைக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"நான் நீவா. உங்க பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்க? ஓவர்," என்றேன். வேறு என்ன கேட்பது?

"பக்கத்து வீடு எட்டு மைல் தள்ளி இருக்கும்மா. ஓவர்."

"ஐயோ பாவமே! அப்ப பொழுதுக்கும் என்னதான் பண்ணுவீங்க? ஓவர்."

இரைச்சலுக்குள் அவர் சிரித்தார். "இதைத்தாம்மா பண்றேன்."

பிறகு இருட்டும்வரை பேசினோம். அவருடைய மருமகள் பற்றி, எங்கள் போதகர் பற்றி, பெர்னடீன் பற்றிக்கூட. நீலம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி குதித்தது. புறணிக்கும் வானிலைக்கும் அதற்கு வேற்றுமை தெரியவில்லை. நான் சிரித்தபோது கண்ணாடி முழுக்க நிரம்பி வழிந்தது. கண் மங்கியதும் ஓட்டோ எதைப் பறிகொடுத்தார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. எத்தனை மாலைகள் அந்த மனிதர் தன் சொற்கள் ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டே, தனியாக இங்கே உட்கார்ந்திருப்பார்! அப்போதெல்லாம் நான் என் வீட்டில் டிவியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் எல்லாவற்றையும் அணைத்து, கொக்கிக் கட்டையால் தொட்டு முடித்துவிட்டு, என்னைப் பார்த்தார். 

"என்ன பாக்கறீங்க?" என்றேன். "ஆல்ட்டன், மண்வெட்டி எங்க?"

"இருட்டிடுச்சு நீவா."

"அப்ப காலையில."

காலையில் பியோனிக் கிழங்குகளை நானே தோண்டி எடுத்து, கொட்டகைக்குப் பின்னால் நட்டேன். டாக்டரின் ரேடியோ சங்கத்திலிருந்து ஆறேழு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் நரை, எல்லாருக்கும் தொப்பை, எல்லாருக்கும் இடுப்பில் திருப்புளி. மேல் தரை லேசாக இறுகியிருந்தது. இரண்டு நாள் வெட்டினார்கள். செங்கலை ஒவ்வொன்றாக உருவினார்கள். வால்வுகளைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, மார்லிஸ் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பலகை போட்டு, அடியில் இரும்புக் குழாய்களை உருட்டி, கயிறு கட்டி, அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள். சரிவின் நடுவில் ஒரு குழாய் நழுவி, டிரான்ஸ்மிட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தொப்பைகள் எல்லாம் ஓடி வந்து முட்டுக்கொடுத்தன. ஆல்ட்டனும் தோள் கொடுத்தார். முதுகுவலி என்று குப்பைத் தொட்டியைக்கூட நகர்த்தாத மனிதர்.

மேலே ஏறிவிட்டது. ஒரு முடிச்சும் அறாமல், முழுசாக.

அதுவரை பல்பு வெளிச்சத்தைத் தவிர எதையும் பார்க்காத அந்த முகப்பில் நவம்பர் வெய்யில் விழுந்தது. கறுப்பு வர்ணத்தின் ஒவ்வொரு சுருக்கமும் மினுங்கியது. மீட்டர்களில் எங்கள் மரமும் மேகமும் தெரிந்தன. சங்கத்துக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றி நின்றார்கள். லாரியைப் பின்னால் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையால் அதன் பக்கவாட்டைத் தொட்டபடி நின்றார். இந்த முறை இரண்டு கைகளாலும்.

எதிர்வீட்டு வாசலில் பெர்னடீன், தலையில் முடி சுருட்டும் ஊசிகளோடு.

"நீவா! என்னடி அது? என்ன நடக்குது அங்க?"

தெருவில் என்ன நடந்தாலும் அவளுக்கு முதலில் சொல்வது நான்தான். வாயைத் திறந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"சொல்லத் தெரியலை பெர்னடீன்," என்றேன். "இறங்கி வந்து பாரு."